பாட்டு கிடைச்சிடும், பதிவு கிடைக்காது



இந்த வார எபிசோடில் பழைய எம்பி3 வலைப்பதிவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் நடுவில் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். "ஏன் அந்த இடத்தை அப்படியே விட்டுட்டீங்க?"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. காரணம் இருக்கு. மைக் முன்னால் சொல்ல வரல. எழுதிடலாம்னு தோணுது.

2008 முதல் 2016 வரை நான் ஒரு பாட்டுப் பதிவு நடத்தினேன். இன்றைக்கு அந்த முகவரியைத் தட்டினால் ஏதோ ஒரு சூதாட்டத் தளம் திறக்கிறது. அது எப்படி நடந்தது என்று சொல்லப் போனால் காப்புரிமை, ரெசிடென்ஸ் விசா, ஓடிபி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கிட்டு வாங்க.

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி

எங்க பெரியப்பா 1979-ல் ஷார்ஜாவுக்கு வந்தவர். ஏசி மெக்கானிக். ரோலா பக்கம் ஆறு பேர் தங்கின ரூமில் அவருக்கென்று இருந்தது ஒரு கட்டில், அதன் அடியில் ஒரு தகரப் பெட்டி, தலைமாட்டில் ஒரு டூ-இன்-ஒன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவார். திரும்புவதற்கு ஒரு வாரம் முன்னால் கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் 90 நிமிட டிடிகே டேப்பில் பதிந்து வைப்பார். உறையில் பாட்டின் முதல் வரி, படம், பாடியவர் பெயர் எல்லாம் நீல மையில் இருக்கும். உங்க அப்பாவோ மாமாவோ 80-களில் கல்ஃபுக்கு வந்தவராக இருந்தால் உங்க வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்திருக்கும்.

இங்கேயும் கேசட் வாங்கினார்கள். எமிரேட்ஸில் காப்புரிமைச் சட்டம் என்று ஒன்று முதன்முதலில் வந்ததே 1992-ல்தான் என்பதைச் சொல்லிவிட்டால், அதற்கு முன்னால் தேராவிலும் பர் துபாயிலும் கேசட் எப்படிப் பெருகியது என்று விளக்கவே வேண்டாம். போக்குவரத்து ஒரு திசையில் மட்டும் இல்லை. 70-களின் கடைசியில் இந்தியாவுக்குள் டேப் ரெக்கார்டர் பரவியதில் வளைகுடாவிலிருந்து லீவுக்குப் போனவர்கள் தூக்கிக்கொண்டு போன டூ-இன்-ஒன்களுக்குப் பங்கு உண்டு. இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993-ல் வந்த 'கேசட் கல்ச்சர்' புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார்.

அப்புறம் கேசட் கடிதம். போன் கட்டணம் கட்டுப்படியாகாத காலம். ஒரு டேப்பில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அங்கிருந்து பதில் இன்னொரு டேப்பில் வரும். புது டேப் கிடைக்கவில்லை என்றால் பழைய பாட்டு டேப்பிலேயே மேலே பதிந்துவிடுவார்கள்.

2008-ல் காலேஜ் படிக்கும்போது இந்தப் பெட்டியை நான் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு கேபிள், ஆடாசிட்டி மென்பொருள், வெள்ளிக்கிழமை மதியங்கள், அவ்வளவுதான். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டேப்புக்கும் கதை சொல்வார். இந்தப் பாட்டை எந்த ரூமில் கேட்டோம், எந்த ரூம்மேட் இதைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான், இப்படி. நான் அதை நேராகப் பிரவுசரிலேயே டைப் பண்ணி, பாட்டுக்கு லிங்க் கொடுத்துப் பதிவாகப் போடுவேன். நேராகப் பிரவுசரில். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதில் ஒரு டேப் உண்டு. ஒரு பாட்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே டக்கென்று அறுந்து, பெரியம்மா குரல் வரும். மழையில் ஓடு ஒழுகுது, கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கேன் என்று. பின்னாலிருந்து அவங்க பொண்ணு, எங்க அக்கா, அப்போ நாலு வயசு, "எப்பப்பா வருவே"ன்னு கேட்கும். அந்த டேப்பை மட்டும் நெட்டில் ஏற்ற பெரியப்பா விடவில்லை. "எழுதிக்கோ, குரலைப் போடாதே" என்றார். எழுதினேன்.

மூன்று இடத்தில் நின்ற வீடு

அந்தக் காலப் பாட்டுப் பதிவு எப்படி வேலை செய்தது என்பதை இப்போது ஸ்ட்ரீமிங்கோடு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2002-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஃப்ளக்ஸ்பிளாக்தான் முதல் எம்பி3 வலைப்பதிவுகளில் ஒன்று. தினம் ஒரு பாட்டு, அதைப் பற்றி நாலு பத்தி, கேட்க ஒரு லிங்க். 2005-ல் ஹைப் மெஷின் வந்து, இந்த மாதிரிப் பதிவுகள் எல்லாவற்றிலும் இருக்கும் பாட்டுகளை ஒரே பக்கத்தில் திரட்டியது.

தமிழில் அதே சமயம் வலைப்பூக் காலம். 2004-ல் தமிழ்மணம் திரட்டி வந்தது. சிட்னியிலிருந்து கானா பிரபா 'றேடியோஸ்பதி' என்ற பெயரில் பாட்டுகளையும் அவற்றின் பின்கதைகளையும் எழுதினார். வளைகுடாவுக்கும் இதில் பங்கு உண்டு. 'தேன்கூடு' திரட்டியை நடத்திய சாகரன் சவுதியில் இருந்தவர். 2007-ல் திடீரென்று இறந்துபோனார். ரியாத் தமிழர்கள் அவர் நினைவாகப் போட்டிகள் நடத்தினார்கள். ஒருவர் தன் சொந்த நேரத்தில் தாங்கிப் பிடித்திருந்த தளத்தின் மேல்தான் பல பேருடைய பதிவுகளுக்கு வாசகர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களில் பலருக்கு உறைத்தது.

பார்க்கிறவருக்கு ஒரு வலைப்பதிவு ஒரே வீடு மாதிரித் தெரியும். உண்மையில் எழுத்து ஒரு இடத்தில், எம்பி3 கோப்பு ராபிட்ஷேர் மாதிரி இன்னொரு இடத்தில், வாசகர் வருகிற வழி திரட்டி அல்லது கூகுள் ரீடர் என்று மூன்றாவது இடத்தில் இருக்கும். மூன்றுக்கும் மூன்று முதலாளிகள். மெகாஅப்லோடை 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மூடியது. கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. ராபிட்ஷேர் 2015-ல் கடையைச் சாத்தியது. ஒவ்வொன்று போகும்போதும் ஆயிரக்கணக்கான பதிவுகளில் லிங்க் செத்தது. எழுத்து மட்டும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்ட முடியாமல், நின்றது.

2010 பிப்ரவரி

எழுத்துக்கும் ஆபத்து உண்டு என்று காட்டியது 2010 பிப்ரவரி. கூகுளின் பிளாகர் தளத்தில் இருந்த சில இசைப் பதிவுகள் ஒரே வாரத்தில் முழுசாக நீக்கப்பட்டன. பாட்டு லிங்க் மட்டும் இல்லை, வருஷக்கணக்கில் எழுதின அத்தனையும். ஐ ராக் கிளீவ்லாண்ட், பாப் டார்ட்ஸ் சக் டோஸ்டட், மான்ட்ரியாலிலிருந்து உலக நடன இசையைப் பற்றி எழுதிய மசாலா ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. அதில் சிலர் சொன்னது: "நாங்கள் போட்ட பாட்டை எங்களுக்கு அனுப்பினதே லேபிள் ஆட்கள்தான்." கம்பெனியின் விளம்பரப் பிரிவு பாட்டை அனுப்பி "போடுங்க" என்கும். அதே கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு அது தெரியாது, அது நோட்டீஸ் விடும்.

அதே வருஷம் நவம்பரில் இதைவிடப் பெரிசு ஒன்று. டஜாஸ்1 என்ற ராப் பதிவின் டொமைனையே அமெரிக்க அரசு கைப்பற்றியது. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, வழக்கே போடாமல், 2011 டிசம்பரில் திருப்பிக் கொடுத்தது. ஒரு வருஷம் மூடிக் கிடந்த பதிவுக்கு வாசகன் எங்கே இருப்பான்?

நோட்டீஸ் எப்படி வேலை செய்கிறது? அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டத்தில் 512-ஆம் பிரிவு இருக்கிறது. பயனர் போட்டதற்காகத் தளத்தின் மேல் வழக்குப் போட முடியாது, ஆனால் உரிமையாளர் புகார் கொடுத்தால் தளம் உடனே அதை எடுத்துவிட வேண்டும், திரும்பத் திரும்பப் புகார் வருகிற பயனரை வெளியேற்றவும் வேண்டும். தளத்துக்கு எது சுலபம்? எடுத்துவிடுவதுதான். புகார் சரியா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

நீங்கள் எதிர்ப்பு நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுத்தால், புகார்காரர் வழக்குப் போடாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாளில் பதிவைத் திருப்பி வைக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் அந்த நோட்டீஸில் உங்கள் உண்மைப் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி, அமெரிக்க மத்திய நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்கும் ஒரு முறை அப்படி ஒரு புகார் வந்தது, எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. நான் அப்போது அப்பா ஸ்பான்சர்ஷிப்பில் ஷார்ஜாவில் இருந்த மாணவன். அமெரிக்கக் கோர்ட் என்ற வார்த்தையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிட்டேன். சண்டை போடல. அந்தப் பாட்டு லிங்கை எல்லாப் பதிவிலிருந்தும் நானே எடுத்துட்டேன்.

இப்போது யோசித்தால் அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பாட்டு என்னுடையது இல்லையே. பதிந்தவர்களுக்குப் பணம் போக வேண்டிய பொருளை நான் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான்.

ஒரு பாட்டுக்கு எத்தனை சாவு

"பழைய பாட்டுதானே, யார் கேட்கப் போறாங்க" என்று நீங்கள் நினைக்கலாம். 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தின் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் கண்ணதாசன், இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு, வெளியான அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள். அது 2024-ஓடு முடிந்தது. வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. படைத்தவர் இறந்த அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள். கண்ணதாசன் இறந்தது 1981, ஆகவே வரிகள் 2041 முடிவு வரை. எம்.எஸ்.விஸ்வநாதன் இறந்தது 2015, ஆகவே மெட்டு 2075 முடிவு வரை. ஒரே மூன்று நிமிடப் பாட்டு, மூன்று வெவ்வேறு காலாவதித் தேதி. எமிரேட்ஸ் சட்டத்திலோ ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு, படைத்தவருக்கு ஆயுளும் அதற்குமேல் 50 ஆண்டும். நீங்கள் அஜ்மானில் உட்கார்ந்து, அமெரிக்க சர்வரில், இந்தியப் பாட்டைப் போட்டால் மூன்று நாட்டுச் சட்டமும் உங்க மேல ஒரு கண் வெச்சிருக்கும்.

யார் உரிமையாளர் என்பதிலேயே பெரியவர்களுக்குள் சண்டை. 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது, எஸ்பிபி இனி அந்தப் பயணத்தில் ராஜா பாட்டுப் பாட மாட்டேன் என்று அறிவித்தார். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் வந்த 'குணா' பாட்டுக்காக இன்னொரு நோட்டீஸ். ராஜாவுக்கும் எஸ்பிபிக்கும் இடையிலேயே இது தெளிவாக இல்லாதபோது ஒரு பதிவர் எங்கே போய்க் கேட்பது?

ஆனால் எழுத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு பாட்டை விமர்சிக்க, அலச, அதற்குத் தேவையான அளவு மேற்கோள் காட்ட இந்தியச் சட்டத்திலும் எமிரேட்ஸ் சட்டத்திலும் இடம் இருக்கிறது. பெரியப்பா சொன்ன கதை முழுக்க எங்களுடையது. எங்களுக்குச் சொந்தமில்லாததைக் காப்பாற்ற நான் ஓடினேன். சொந்தமானதை விட்டுவிட்டேன்.

காசு விஷயம், சுருக்கமா

தமிழில் எழுதிச் சம்பாதிக்க முடியுமா என்று எபிசோடுக்கு எபிசோட் கேட்கிறீர்கள். கூகுள் ஆட்சென்ஸ் தமிழை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். வலைப்பூக்களின் உச்சகாலம் முடிந்து, எல்லோரும் ஃபேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் போன பிறகு. சந்தா வாங்கும் செய்திமடல் தளங்கள் பலவும் ஸ்ட்ரைப் வழியாகப் பணம் வாங்குகின்றன. ஸ்ட்ரைப் எமிரேட்ஸுக்கு வந்தது 2021-ல். அதற்கும் வணிக உரிமம் வேண்டும்.

அதோடு வளைகுடாவுக்கே உரிய ஒரு அடுக்கு இருக்கிறது. 2018-ல் எமிரேட்ஸ், காசு வாங்கிக்கொண்டு நெட்டில் விளம்பரம் செய்கிறவர்கள் உரிமம் எடுக்க வேண்டும் என்றது. கட்டணம் 15,000 திர்ஹாம். 2025-ல் விளம்பரதாரர் அனுமதி என்று புதிய முறை அறிவித்தார்கள். இங்கே வசிப்பவர்களுக்கு முதல் மூன்று வருஷம் அது இலவசம். சவுதியில் 2022-லிருந்து 'மவ்சூக்' உரிமம் இருக்கிறது. நீங்கள் உங்கள் தாத்தாவின் கேசட்டைப் பற்றி எழுதுவது வேறு, ஒரு ரெஸ்டாரன்ட் காசு கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொல்வது வேறு. இரண்டாவதைத் தொடும் முன் விதிகளைப் படிச்சிடுங்க. நான் வக்கீல் இல்லை.

பாட்டு டவுன்லோட் தளங்களை இங்கே எடிசலாட்டும் டு-வும் தடுப்பதும் சும்மா இல்லை. தடுக்க வேண்டிய உள்ளடக்கப் பட்டியலில் அறிவுசார் சொத்துரிமை மீறலும் ஒன்று. 2012-ல் பெய்ரூட்டில் தொடங்கி, பிறகு தலைமையகத்தை அபுதாபிக்கு மாற்றிக்கொண்ட அங்காமியும், 2018 நவம்பரில் வந்த ஸ்பாட்டிஃபையும் இருக்கும்போது டவுன்லோடுக்கு யாரும் அலைவதும் இல்லை. பாட்டு கேட்கிறவருக்கு இது நல்ல காலம்தான். ஆனால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தை ஆப்பில் தட்டிப் பாருங்கள். அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன் என்பதை நான் தேடின ஆப்பில் காணோம். இப்படிப்பட்ட தகவலைத்தான் பதிவர்கள் எழுதி வைத்தார்கள்.

என் கதை

2014-ல் பெரியப்பா ஊரில் காலமானார். நான் பதிவை நிறுத்தவில்லை, சொந்த டொமைன் வாங்கி அதற்கு மாற்றினேன். இனி யாரும் என்னை வெளியேற்ற முடியாது என்று பெருமையாக இருந்தது.

2016-ல் நான் வேலை பார்த்த கம்பெனி துபாய் ஆபீஸை மூடியது. விசா கேன்சல், 30 நாள் அவகாசம், சென்னைக்கு டிக்கெட். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஊருக்குத் திரும்புவது இல்லை, ஊரை விட்டுப் போவது. உங்களில் பலருக்கு இது தெரியும். பெட்டி கட்டுகிற அவசரத்தில் டொமைன் யாருக்கு ஞாபகம் வரும்?

டொமைன் புதுப்பிப்பு என் கிரெடிட் கார்டில் தானாகப் போய்க்கொண்டிருந்தது. விசா போனால் வங்கிக் கணக்கையும் கார்டையும் முடிக்க வேண்டும். முடித்தேன். மொபைல் நம்பர் எமிரேட்ஸ் ஐடியோடு கட்டப்பட்டது. 2012-ல் 'என் எண், என் அடையாளம்' என்று அத்தனை சிம்மையும் மறுபதிவு செய்ய வைத்தார்களே, அதிலிருந்து அப்படித்தான். ஐடி போனதால் நம்பரும் போனது. டொமைன் விற்ற நிறுவனம் எச்சரிக்கை மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தது, அனுப்பிய மெயில்பெட்டியைச் சென்னையிலிருந்து திறக்கப் போனால் "புது இடத்திலிருந்து வருகிறீர்கள், மொபைலுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்" என்றது. அந்த மொபைல்தான் செத்துப்போச்சே. கார்டு, நம்பர், மெயில், டொமைன் நாலும் ஒரே ஸ்டாம்பில் தொங்கிக்கொண்டிருந்திருக்கு. பாஸ்போர்ட்டில் இருந்த அந்த விசா ஸ்டாம்பில்.

டாட் காம் டொமைன் காலாவதியானால் அன்றைக்கே போய்விடாது. விற்றவர் 45 நாள் வரை வைத்திருக்கலாம். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதத்தோடு திருப்பி வாங்கலாம். கடைசி 5 நாள் யாரும் தொட முடியாது. பிறகு முதலில் பிடிப்பவருக்குச் சொந்தம். இப்படிக் காலாவதியாகும் முகவரிகளுக்காகவே காத்திருக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எட்டு வருஷமாகப் பல இடங்களிலிருந்து லிங்க் வாங்கின முகவரிக்குத் தேடல் இயந்திரத்தில் மதிப்பு உண்டு. சூதாட்டக்காரருக்கு வேண்டியது அந்த மதிப்புதான். நான் மெயிலைத் திறந்தபோது நாலு மாதம் ஆகியிருந்தது. ஹோஸ்டிங்கும் அதே கார்டில் இருந்ததால் கோப்புகளும் அழிந்திருந்தன. தப்பு என்னுடையதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது.

மிச்சம் கிடைத்தது வேபேக் மெஷினில். இது பலருக்குத் தெரியாத வழி: ஆர்கைவ் தளத்தின் தேடல் பெட்டியில் உங்கள் பழைய முகவரியை எழுதி, சாய்கோட்டுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அந்தத் தளத்திலிருந்து சேமிக்கப்பட்ட அத்தனை பக்கங்களின் பட்டியலும் வரும். ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்தேன். முந்நூறுக்குக் கொஞ்சம் மேலே இருந்த பதிவுகளில் 118 கிடைத்தது. ஓடு ஒழுகின டேப்பைப் பற்றி எழுதினது அதில் இல்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எழுதுவது முதலில் என் கம்ப்யூட்டரில் வெறும் எழுத்துக் கோப்பாக. எந்த மென்பொருள் செத்தாலும் அது திறக்கும். அதைத்தான் தளத்தில் ஏற்றுகிறேன். பதிவு வெளியானதும் அதன் முகவரியை வேபேக் மெஷினில் 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் நானே கொடுக்கிறேன், அது வருகிறதா என்று காத்திருப்பதில்லை. டொமைனுக்குப் பத்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன். ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் கராமாவில் ரெண்டு பிரியாணி. டொமைனைக் கட்டும் மெயிலுக்கு இரண்டாம் சரிபார்ப்பு மொபைல் நம்பரில் இல்லை, ஆத்தென்டிகேட்டர் ஆப்பில். அதன் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து ஒரு பிரதி கும்பகோணத்தில் அக்கா பீரோவில் இருக்கு. "இது என்னடா, லாட்டரி நம்பரா?"ன்னு கேட்டுச்சு. பாட்டுக்கு ஸ்ட்ரீமிங் லிங்க் மட்டும் கொடுக்கிறேன். லிங்க் செத்தாலும் எந்தப் பாட்டு என்று தெரியும்படி படம், வருஷம், பாடியவர், எழுதியவர், இசை ஐந்தையும் எழுத்திலேயே வைக்கிறேன்.

இந்த ஐந்தில்தான் அந்த டேப் பதிவு மாட்டிக்கொண்டது. போன மாதம் அதை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தேன். பெரியம்மா குரல், கொத்தனார், "எப்பப்பா வருவே" எல்லாம் வந்தது. பாதியில் அறுந்தது எந்தப் பாட்டு என்று வரவில்லை. சுசீலா அம்மா குரல் என்று மட்டும் தோன்றுகிறது. அதுவும் நிச்சயம் இல்லை. அந்தப் பாட்டு இன்றைக்கும் ஏதோ ஒரு ஆப்பில் முழுசாக, சுத்தமாக, அறுபடாமல் இருக்கும். எதைத் தேடுவது என்றுதான் தெரியவில்லை.

அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "எனக்கு நாலு வயசுடா அப்போ. எனக்கு ஓடு ஒழுகினதே ஞாபகம் இல்ல" என்றது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா பெட்டி பரண்மேலதான் இருக்கு. எலி கடிச்சிருக்கான்னு தெரியாது, ஏறிப் பார்க்க ஆள் இல்ல" என்று சொன்னது. ஜூலையில் லீவு போட்டிருக்கேன். நல்ல நிலையில் இருக்கும் கேசட் டெக் யாரிடமாவது இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. ஹெட் சுத்தம் பண்ணினதா இருக்கணும், பெல்ட் இழுக்காம இருக்கணும்.